போகிறவரைச் சோதிக்கும் வாயில்

கொழும்பில் 'கோட்டை' என்றால் யாருக்கும் கோட்டை நினைவுக்கு வருவதில்லை. ரயில் நிலையமும், அதன் வாசலில் நிற்கும் பேருந்துகளும், வங்கிகளின் உயர்ந்த கட்டடங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற மதில்களை ஆங்கிலேயர் 1869க்கும் 1871க்கும் இடையில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்; பெயர் மாத்திரம் தங்கிவிட்டது. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் அந்த நிலையத்திலிருந்துதான், மலைமேல் இன்னும் சிறிது கல்லாவது எஞ்சியிருக்கும் பலன என்ற வேறொரு கோட்டையைப் பார்ப்பதற்காக நாங்கள் நால்வரும் புறப்பட்டோம். என் கணவர், பதினொரு வயது மகன், எழுபதைத் தாண்டிய அம்மா, நான். பெட்டிக்குள் ஏறியதும் அம்மா வழக்கம்போல எங்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். வீட்டை விட்டு எங்கே புறப்பட்டாலும், பக்கத்துத் தெருக் கோயிலுக்கே போனாலும், அவர் இப்படி எண்ணுவார். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய பழக்கம் என்பதால் அதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

றம்புக்கனவில் இறங்கி, சிறு நிலையங்களிலெல்லாம் நின்று செல்லும் வண்டிக்கு மாறினோம். அங்கிருந்துதான் பாதை மலையேறத் தொடங்குகிறது. ஏறத்தாழ நாற்பத்தைந்து அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏறும் சரிவு அது; நீராவி எஞ்சின்களின் காலத்தில், ஏற்றத்துக்கென்று இன்னோர் எஞ்சினையும் பூட்ட வேண்டியிருந்தது. கடிகமுவ, கங்கொட, இஹலகோட்டே, பலன என்று நிலையங்கள் வருகின்றன. இஹலகோட்டே என்பதற்கு மேற்கோட்டை என்று பொருள். பலன என்ற பெயர், பார்த்தலைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. வண்டியின் ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பாதாளமுமாகப் போகும் அந்தப் பாதையில், பள்ளத்தாக்குக்கு அப்பால் பத்தலேகல மலை மேசைபோல நிற்பதைப் பார்க்கும் எவருக்கும், இந்த இடத்துக்கு ஏன் பார்வையின் பெயரை வைத்தார்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மலை காத்ததா?

நான் இங்கே வர விரும்பியதற்குக் காரணம் ஒரு வாக்கியம். கண்டி இராச்சியத்தை மலையும் காடும் காத்தன என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் எழுதினேன், பிறகு என் மகனின் கொப்பியிலும் அதே கருத்தைக் கண்டேன். பேருந்தில் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் என் நினைவுக்கு வரும். ஒவ்வொரு முறையும் அது எனக்குள் சரியாக உட்காராமல் நெருடும். மலை அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஆனால் பகைவர் அதன்மேல் ஏறி வந்தார்கள், ஒருமுறை அல்ல, பல முறை. காவல் என்ற வேலையை மலைதான் செய்தது என்றால் அது அடிக்கடி தவறிய காவல். அப்படியிருந்தும் போர்த்துக்கேயரால் கண்டியைக் கைப்பற்றித் தங்களுடையதாக வைத்திருக்க முடியவில்லை. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக இருக்க முடியும்?

பலன நிலையத்திலிருந்து மேலே போகும் பாதை ஓரளவுக்கு வீதியாகவும் பிறகு ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கிறது. அம்மாவால் ஏற முடியாது என்பதால் நிலையத்து வாங்கில் அவரை இருத்திவிட்டு, தேநீர்ப் போத்தலையும் பிஸ்கட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினோம். மானாப்புல் முழங்கால் வரை அறுத்தது. முதல் நாள் மழை பெய்திருந்ததால் அட்டைகள் வேறு. உச்சியை அடைந்தபோது, பெரிய வாயிலையோ கொத்தளத்தையோ எதிர்பார்த்திருந்த என் மகனின் முகம் வாடிவிட்டது. அவன் கண்டதெல்லாம் இடுப்பளவு உயரத்துக் கற்சுவர். அதன் இடுக்குகளில் பாசி படர்ந்திருந்தது. ஒரு கல்லைத் தொட்டபோது என் விரலில் ஈரமான பச்சை ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தச் சுவரோரம் நின்று மேற்கே திரும்பியபோது, கொழும்புப் பக்கத்துச் சமவெளி மங்கலான நீலமாக அடிவானம் வரை விரிந்து கிடந்தது. கீழே வரும் ஒரு படையின் தூசியை இங்கே நிற்பவன் ஒரு நாளைக்கு முன்பே கண்டிருப்பான்.

மகன் சுவரின் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்துவிட்டு, "அம்மா, இங்க காவல் நிண்டவை எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவை?" என்று கேட்டான். "பகைவர் வாற பக்கத்தைத்தான்" என்று உடனே சொன்னேன். சொன்ன மறு நிமிடமே, அந்த விடை அரைகுறை என்று எனக்குத் தோன்றியது.

1594, 1603

பலனவின் வரலாற்றைப் போர்களின் வரிசையாகச் சொல்வதுதான் வழக்கம். அந்த வரிசையை நான் முழுவதும் சொல்லப் போவதில்லை. இரண்டு போர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

1594ஆம் ஆண்டு பெத்ரோ லோபெஸ் த சூசா என்ற போர்த்துக்கேயத் தளபதி பெரும் படையுடன் இந்தக் கணவாயைக் கடந்து கண்டிக்குள் நுழைந்தார். அவருடன் வந்தவள், கண்டி அரச மரபின் உரிமைக்காரியும் மன்னாரில் போர்த்துக்கேயரின் பொறுப்பில் வளர்க்கப்பட்டவளுமான இளவரசி தோன கத்தரீனா. அவளை அரியணையில் ஏற்றினால் நாடு தானாகப் பின்னால் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எதிரே நின்றவர் கோணப்பு பண்டார. கோவாவில் போர்த்துக்கேயரிடம் இருந்து, ஞானஸ்நானம் பெற்று, அவர்களின் போர்முறையைக் கற்று, பிறகு அவர்களைவிட்டு நீங்கிக் கண்டியைத் தன் கையில் எடுத்தவர். போர்த்துக்கேயரின் பக்கத்தில் லஸ்கரின்களை, அதாவது உள்நாட்டுப் படைவீரரை நடத்தியவர் ஜயவீர பண்டார. அவர் கண்டிக்கு இரகசியமாக உடன்பட்டுவிட்டார் என்று காட்டும் ஒரு கடிதம் போர்த்துக்கேயரின் கையில் சிக்கியது, அல்லது சிக்கும்படி செய்யப்பட்டது. அவர்கள் அவரைக் கொன்றார்கள். லஸ்கரின்கள் கூட்டங்கூட்டமாக விலகிப் போனார்கள். ஒக்டோபரில் தந்துறேயில் எஞ்சிய படை முற்றாக அழிந்தது. தளபதி காயத்தால் இறந்தார். கத்தரீனாவை மணந்த கோணப்பு பண்டார, முதலாம் விமலதர்மசூரியனாக ஆட்சி செய்தார். பலனவைக் கோட்டையாகப் பலப்படுத்தியவரும் அவரே என்று சொல்லப்படுகிறது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு போர்த்துக்கேயத் தளபதி, ஜெறோனிமோ த அசவேடு, அதே வழியில் வந்தார். 1603இன் தொடக்கத்தில், பலத்த சண்டைக்குப் பிறகு, பலன அவருடைய கைக்கு வந்தது. இந்த ஓரிடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். கோட்டை பிடிபட்டுவிட்டது, கணவாய் திறந்துவிட்டது, கண்டி நகரம் ஒரு நாள் நடைத் தூரத்தில் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தின் வாக்கியம் உண்மையானால் போர் இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வென்ற படை மேலே போகவில்லை, திரும்பிப் போனது. ஏனென்றால் லஸ்கரின்கள் மறுபடியும் அணி மாறத் தொடங்கிவிட்டார்கள். மலையை ஏறி வந்த பாதையே இப்போது பகைவரின் பாதையாகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் அம்பும் துப்பாக்கியும் காத்திருக்க, அசவேடு தம் படையில் எஞ்சியதைக் காப்பாற்றிக்கொண்டு கீழே இறங்கினார். அந்தப் பின்வாங்கலைப் போர்த்துக்கேய எழுத்தாளர்களே நடுக்கத்துடன் விவரித்திருக்கிறார்கள்.

அந்த லஸ்கரின்கள் யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கீழ்நாட்டுக் கிராமங்களில் நெல் விதைத்தவர்கள். தாங்கள் உழும் காணிக்குக் கைமாறாகப் படையில் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள். யாரை அடிக்கப் போனார்களோ அவர்களுடைய மொழியே இவர்களுடைய மொழி; பெண் கொடுத்து எடுத்த உறவுகூட இருந்திருக்கும். அவர்களைத் துரோகிகள் என்று ஒரு பக்கத்தார் எழுதினார்கள், வீரர்கள் என்று மறு பக்கத்தார் எழுதினார்கள். இரண்டு பெயரும் அவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். எல்லைக்கோடு ஒன்று தங்கள் வயலுக்கும் தங்கள் உறவுக்கும் நடுவே இழுக்கப்பட்டபோது, எந்தப் பக்கம் நின்றால் உயிரும் காணியும் மிஞ்சும் என்று ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்த மனிதர்கள் அவர்கள். பலனவின் சுவர் பலமாக நின்ற காலமும் அது பயனற்றுப்போன காலமும் அவர்களுடைய அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்தே வந்தன.

கடைசி முறையும் அப்படித்தான் நடந்தது. 1814இல் கண்டியின் முதன்மை அதிகாரி எஹலேபொல, எல்லையைக் கடந்து ஆங்கிலேயரிடம் போனார். மறு ஆண்டு பெப்ரவரியில் மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி பிரதானிகள் உடன்படிக்கைக்குக் கூடினார்கள். மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படைகளைத் திருப்பி அனுப்பிய மலைகள், அன்றைக்கும் அதே இடத்தில்தான் நின்றன.

அதன்பிறகு கோட்டைக்கு வேலை இருக்கவில்லை. மலையைத் துளைப்பவனே கண்டியை வெல்வான் என்றொரு பழங்கதை உண்டு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில் கடுகண்ணாவைக் கணவாயின் ஊடாக வீதி அமைக்கப்பட்டபோது, பாறை ஒன்றைக் குடைந்து அதற்குள்ளாகவே வழி விட்டார்கள். வீதியைத் திட்டமிட்ட கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் வீதியோரம் நிற்கிறது. ராஜகாரியம் என்ற கட்டாய சேவையில் அந்தப் பாறையை உடைத்தவர்களுக்கு அப்படி ஒரு கோபுரம் இல்லை. 1867இல் ரயிலும் கண்டியை எட்டியது.

முள்வாயிலும் மண்முத்திரையும்

போர்களைக் கூட்டிப் பார்த்தால் சில மாதங்கள்தான் தேறும். மற்ற நாட்களில் அந்த எல்லை என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்விக்கு விடை தருபவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடி. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கனின் நாட்டில் வெளியேற முடியாத கைதியாக வாழ்ந்தவர். தப்பிப் போன பிறகு, 1681இல் வெளிவந்த தம் நூலில், நாட்டின் வழிகளை அடைத்திருந்த முள்வாயில்களை அவர் வர்ணிக்கிறார். மூன்று நான்கு அங்குல நீளத்தில் இரும்பாணி போன்ற முட்களைக் கொண்ட மரக்கிளைகளை நெருக்கமாகப் பின்னி, நிமிர்ந்த கம்புகளில் கட்டிக் கதவாக்குவார்கள். யானைமீது இருந்தவாறே ஒருவர் கடந்து போகத்தக்க, பத்துப் பன்னிரண்டு அடி உயரமான மரச்சட்டத்தின் குறுக்குவிட்டத்தில் அந்தக் கதவு தொங்கும். கடைகளின் தூக்குப் பலகையைப் போல அதை மேலே உயர்த்தவும் கீழே இறக்கவும் முடியும். இப்படியான காவல் வழிக்குச் சிங்களத்தில் கடவத்த என்று பெயர். கொழும்பில் பேருந்து நடத்துநர்கள் நாள் முழுவதும் கூவும் ஓர் ஊர்ப்பெயருக்குள் இந்தச் சொல் இருப்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

கதவைவிட என்னை நிறுத்தியது, அந்தக் கதவைத் திறக்கும் அனுமதி. அரச சபையில் உத்தரவு பெற்றவனுக்குக் களிமண்ணில் பதித்த ஒரு முத்திரையைக் கொடுப்பார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத காவலனும் விளங்கிக்கொள்ளும்படி அதில் உருவம் இருக்கும். போர்வீரன் என்றால் தோளில் ஈட்டியுடன் ஒரு மனிதன். கூலியாள் என்றால் தோளில் காவுதடியும் அதன் இரு முனையிலும் மூட்டையும் தாங்கிய மனிதன். வெள்ளைக்காரன் என்றால் இடையில் வாளும் தலையில் தொப்பியும். சேர்ந்து போகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை உருவங்கள் அந்த மண்ணில் பதிந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகுதான் நொக்ஸ் அந்தச் செய்தியைச் சொல்கிறார்: அரசனின் நகருக்குள் வருகிறவர்களைச் சோதிப்பது, வெளியே போகிறவர்களைச் சோதிப்பதில் பாதியளவுகூட இல்லை; போகிறவர்கள் என்ன கொண்டு போகிறார்கள் என்று அவர்களைத் தேடிப் பார்ப்பதுதான் வழக்கம்.

என் மகனின் கேள்விக்கு நான் சொன்ன விடை ஏன் அரைகுறை என்று அங்கே எனக்கு விளங்கியது. மலையுச்சியில் நின்றவன் மேற்கே பார்த்திருப்பான், உண்மைதான். அவனுக்குக் கீழே, பாதையில், முள்வாயிலருகே நின்றவன் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றான். உப்புக்கும் கருவாட்டுக்கும் கடற்கரையை நம்பியிருந்த மலைநாட்டிலிருந்து காவுதடியோடு இறங்கி வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, மண்ணில் பதிந்த உருவங்களையும் முன்னால் நிற்கும் ஆட்களையும் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தான். படை வந்தது எப்போதோ ஒரு முறை. இந்த எண்ணல் நாள்தோறும் நடந்தது. எல்லைக்கோட்டையின் வரலாறு என்று எழுதப்பட்டவற்றில் தளபதிகளின் பெயர்கள் நிறைய உண்டு; மண்முத்திரையைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, அது வியர்வையில் கரைந்துவிடுமோ என்ற பயத்துடன் வரிசையில் நின்றவனுக்கு அதில் ஓர் இடமும் இல்லை. இதை நான் மனவருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

நிலையத்து வாங்கில்

கீழே இறங்கி வந்தபோது ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நேரத்தைப் போக்குவதற்காக அம்மாவுக்கு இந்த மண்முத்திரைக் கதையைச் சொன்னேன். ஈட்டிக்காரன், கூலியாள், தொப்பிக்காரன் என்று சொன்னபோது புன்னகையுடன் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை பேரோ அத்தனை உருவம் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த தேநீர் மூடியைக் கீழே வைத்தார்.

"எங்கட பாஸிலயும் அப்படித்தான். எத்தினை பேர் எண்டு மேல எழுதி, ஒவ்வொரு பேராக் கீழ எழுதியிருந்தது."

1994இல் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு ஏழு வயது. கிளாலியில் இரவு வள்ளம் ஏறியதும், கடல்நீரேரியின் நீர் என் சட்டையில் தெறித்ததும், யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தியதும் நினைவிருக்கின்றன. வவுனியாவில் இன்னொரு வரிசையில், இன்னொரு தாளுக்காக நாட்கணக்கில் இருந்ததும் நினைவிருக்கிறது. ஆனால் புறப்படுவதற்கு முன் நடந்தவை எனக்குத் தெரியாதவை. வெளியே போக, அப்போது யாழ்ப்பாணத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்த புலிகளின் அனுமதி வேண்டும். அனுமதிக்குப் பிணை வேண்டும். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு ஓராள் பின்னால் நிற்க வேண்டும். அப்பா வேலையை விட்டுவர முடியாமல் தங்கிவிட்டார் என்றே அதுநாள்வரை நான் நம்பியிருந்தேன்.

"வேலையோ? அந்த நேரம் ஆருக்கு வேலை? எங்களுக்குப் பிணை அவர்தான் நிண்டவர். அதாலதான் தாளில நாலு பேர். நான், நீ, அண்ணா, தங்கச்சி. வாசலில நிண்டவன் தாளையும் எங்களையும் மூண்டு தரம் எண்ணினவன். எண்ணி முடியுமட்டும் நானும் மனசுக்குள்ள எண்ணிக்கொண்டு நிண்டனான், ஒண்டு கூடிப்போமோ குறைஞ்சுபோமோ எண்டு."

அந்தத் தாளை வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். பழைய எழுத்துகளையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் என் ஆசை அவருக்குத் தெரியும். "ஏன் வைச்சிருக்கோணும்?" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவின் பிணை எப்போது தீர்ந்தது என்று கேட்டதற்கு, 1995 ஒக்டோபர் முடிவில் என்றார். இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனபோது, அனுமதி கொடுத்தவர்களும் பிணை நின்றவர்களும் எல்லோரும் ஒரே வீதியில் போனார்கள். அதற்குப் பின் யாரும் தாளைக் கேட்கவில்லை. அப்பா மறு ஆண்டு கொழும்புக்கு வந்து சேர்ந்தார். வெள்ளவத்தையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்களோடு இருந்தும், இதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாமலே போய்விட்டார்.

நொக்ஸ் எந்த வழியாகத் தப்பினார் என்று அம்மா கேட்டார். சில்லறைச் சாமான் விற்பவனைப்போல ஊர் ஊராகப் போய்ப் பழகி, அநுராதபுரத்துக்கு அப்பால் ஆற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார் என்றேன். அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று சொல்லும் ஆறு அது. "அருவியாறு" என்றார் அம்மா உடனே, தன் ஊர்ப்பக்கத்து ஒருவரைப் பற்றிக் கேட்டதுபோல. பிறகு கேட்டார்: "தனியவோ போனவர்?"

"இல்லை, கூட ஒரு சிநேகிதன். மற்றக் கைதிகள் உள்ளதான் இருந்தவை."

அம்மா தலையை ஆட்டினார். வளைவுக்கு அப்பால் எஞ்சின் ஏறி வரும் ஓசை கேட்டது. பிஸ்கட் பையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்து, வண்டி நிற்பதற்கு முன்னரே என் மகனின் தோளில் கையை வைத்து எண்ணத் தொடங்கினார்.